அழிஞ்சில்: வறண்ட நிலத்தின் டாக்வுட்

டாக்வுட் என்று உலகெங்கும் அழைக்கப்படும் மரங்களும் புதர்களும் கார்னேசி என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வகைப்பாட்டின்படி இந்தக் குடும்பத்தில் இரண்டே பேரினங்கள் உள்ளன. ஒன்று கார்னஸ். ஏறத்தாழ 60 சிற்றினங்களைக் கொண்ட இதுவே டாக்வுட் என்ற பெயருக்கு உரியது. ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா, ஜப்பான், இமயமலை எனக் குளிர்ந்த வட பகுதிகளில் பெரும்பாலும் வளர்வது. மற்றொன்று அலாஞ்சியம். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வரை வெப்ப நிலங்களில் பரவியது.

தென்னிந்தியாவில் இயல்பாக வளரும் கார்னஸ் எதுவும் இல்லை. ஆனால் அதன் மிக நெருங்கிய உறவான அலாஞ்சியம் தமிழ்நாட்டின் சமவெளியிலேயே வளர்கிறது. அழிஞ்சில், அழிஞ்சி, அங்கோலம் என்று தமிழில் வழங்கும் மரம் அதுதான். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடி போன்ற வறண்ட பகுதியில் டாக்வுட் குடும்பத்தைப் படிக்க விரும்புபவர் தேட வேண்டியது அழிஞ்சிலையே.

இந்த இரண்டு பேரினங்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் இலை எதிரெதிரே அமைகிறது, மற்றொன்றின் இலை மாறி மாறி அமைகிறது. ஒன்றின் பூவில் நான்கு இதழ், மற்றொன்றின் பூவில் பத்து வரை இதழ். அப்படியிருந்தும் இரண்டும் ஒரே குடும்பம் என்ற முடிவுக்குத் தாவரவியல் வந்து சேர 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எந்த அடையாளம் நிலையானது, எது ஏமாற்றுவது என்பதை இந்தக் குடும்பத்தைப்போல் தெளிவாகக் காட்டும் குடும்பங்கள் குறைவு.

கார்னஸை அறிதல்

கார்னஸ் பேரினத்தின் முதல் அடையாளம் இலை. இலைகள் தனியிலைகள், விளிம்பில் பல் இருக்காது. ஓர் இலைக்கு நேர் எதிரே மற்றோர் இலை நிற்கும். நடுநரம்பிலிருந்து பிரியும் பக்க நரம்புகள் விளிம்பை முட்டாமல், வில்லாக வளைந்து இலை நுனியை நோக்கிச் செல்லும். கார்னஸ் ஆல்டர்னிஃபோலியா, கார்னஸ் காண்ட்ரோவெர்சா என்ற இரண்டு சிற்றினங்களில் மட்டும் இலைகள் மாறி மாறி அமைகின்றன. அவற்றிலும் நரம்பின் வளைவு மாறுவதில்லை.

இலையை மெல்லக் குறுக்கே கிழித்து, இரு துண்டுகளையும் சற்றே விலக்கிப் பார்ப்பது களத்தில் பயன்படும் ஒரு சோதனை. கார்னஸ் இலையில் துண்டுகளுக்கிடையே மெல்லிய வெள்ளை இழைகள் நீளும். கீழ்த்துண்டு அந்த இழைகளில் தொங்கி நிற்கும். நரம்பில் உள்ள நீர்க்குழாய்களின் சுவரில் சுருளாக அமைந்த தடிப்புகள் அறுபடாமல் நீள்வதால் இது நேர்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் இலையின் மேல் இருபுறமும் கை நீட்டிய, மேற்பரப்பில் படிந்து கிடக்கும் மயிர்கள் தெரியும். இவற்றில் சுண்ணாம்புப் பொருள் படிந்திருக்கும்.

பூவின் அமைப்பு நான்கின் கணக்கில் வரும். புல்லிப் பற்கள் நான்கு, அல்லி இதழ்கள் நான்கு, மகரந்தத்தாள்கள் நான்கு. சூலகம் இதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கும். இதையே தாவரவியலார் கீழ்மட்டச் சூலகம் என்பர். கனி சதைப்பற்றுள்ளது, உள்ளே கல் போன்ற கெட்டியான ஓடு. அந்த ஓட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு அறைகள்.

டாக்வுட் என்றதும் பலரின் நினைவுக்கு வரும் பெரிய வெள்ளை ‘இதழ்கள்’ உண்மையில் இதழ்கள் அல்ல. அமெரிக்காவின் கார்னஸ் ஃப்ளோரிடாவிலும் கிழக்காசியாவின் கார்னஸ் கௌசாவிலும் காணப்படும் அந்த நான்கு வெண்தகடுகளும் பூங்கொத்தைச் சூழ்ந்த பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் நடுவே சிறு பொத்தானாகத் திரண்டிருக்கும். காகிதப்பூச் செடியில் சிவப்பாகத் தெரிவதும் இதேபோன்ற செதில்தான்.

டி.என்.ஏ. ஆய்வுகளும் கனி, பூங்கொத்து ஒப்பீடுகளும் கார்னஸ் பேரினத்தை நான்கு பெருங்குழுக்களாகப் பிரிக்கின்றன.

முதல் குழுவில் செதில் தகடுகள் இல்லை. சிறு வெண்பூக்கள் தட்டையான கொத்தாக வரும். கனி நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும். பனிக்காலத்தில் சிவந்த குச்சிகளுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் கார்னஸ் செரீசியா இதைச் சேர்ந்தது. இமயமலையில் வளரும் கார்னஸ் மேக்ரோஃபில்லா, கார்னஸ் ஒப்லாங்கா ஆகியவையும் இதில் அடங்கும்.

இரண்டாம் குழுவில் இலை துளிர்க்கும் முன்பே மஞ்சள் பூக்கள் வரும். செதில்கள் சிறியவை, கனி சிவப்பு. ஐரோப்பாவின் கார்னஸ் மாஸ் இதற்கு எடுத்துக்காட்டு. இதன் புளிப்பான பழம் உண்ணப்படுகிறது.

மூன்றாம் குழு பெரிய செதில் தகடுகள் கொண்டது. ஃப்ளோரிடாவும் கௌசாவும் இதில் சேரும். இந்தியாவில் இமாச்சலம், உத்தரகண்டம் முதலிய மலைப்பகுதிகளில் வளரும் கார்னஸ் கேப்பிடேட்டாவும் இந்தக் குழுவே. வாலிச் இதற்குப் பெயரிட்டு 1820-இல் வெளியிட்டார். பல கனிகள் ஒன்றாக இணைந்து உருண்டையாகத் திரண்டு நிற்கும் இதன் பழத்தை மலைவாழ் மக்கள் உண்கின்றனர்.

நான்காம் குழு ஒரு சாண் உயரம்கூட எட்டாத குறுஞ்செடிகள். கனடாவின் ஊசியிலைக் காடுகளில் தரையோடு படரும் கார்னஸ் கனடென்சிஸ் இவற்றில் ஒன்று. இதன் மொட்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் வெடித்துத் திறந்து மகரந்தத்தை மேலே வீசுகிறது என்பது 2005-இல் அதிவேகப் படக்கருவி கொண்டு பதிவு செய்யப்பட்டது.

அழிஞ்சிலை அறிதல்

அழிஞ்சிலின் அறிவியல் பெயர் அலாஞ்சியம் சால்வீஃபோலியம். புதராகவும் சிறு மரமாகவும் வளரும். பொதுவாக 3 முதல் 10 மீட்டர் உயரம். கோடைக்கு முன் இலையுதிர்க்கும். ஆகவே ஆண்டின் எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மரம் மூன்று வேறு தோற்றங்களில் தென்படும்.

இலையற்ற காலத்தில் குச்சிகளைக் கவனிக்க வேண்டும். சாம்பல் கலந்த பழுப்புப் பட்டை. பக்கக் கிளைகள் குட்டையாகி நுனி கூர்ந்து முள்ளாக மாறியிருக்கும். இலந்தையின் முள் இலைக்காம்பின் அடியில் தோன்றுவது. அழிஞ்சிலின் முள்ளோ முழுக்கிளையே கூராகி நிற்பது. இந்த வேறுபாடு இலையில்லாத காலத்திலும் உதவும்.

பூக்கும் காலம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இலையில்லாத கிளைகளில் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளைப் பூக்கள் சிறு கொத்துகளாக நிறைந்து வரும்; நல்ல மணமுண்டு. மொட்டு நீண்ட விரல் வடிவில் மென்மயிர் போர்த்தியிருக்கும். விரிந்ததும் குறுகிய பட்டை போன்ற இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டுகொள்ள, மகரந்தத்தாள்கள் தூரிகையாக நீட்டி நிற்கும். இதழ்களின் எண்ணிக்கை 5 முதல் 10 வரை, ஒரே மரத்திலேயே பூவுக்குப் பூ மாறலாம். மகரந்தத்தாள்கள் இதழ்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சூலகம் இதழ்களுக்குக் கீழே அமைந்தது. அதில் ஒரே அறை, ஒரே சூல்.

இலைகள் மாறி மாறி அமைபவை. நீள்வட்டம் முதல் ஈட்டி வடிவம் வரை உருவம் மாறும், விளிம்பு முழுமையானது. இலையின் அடியிலிருந்து 3 முதல் 5 நரம்புகள் கிளம்பும். இலையடிச் செதில் இல்லை. இந்தக் கடைசிக் குறிப்பு சிறிதாகத் தோன்றினாலும் முக்கியமானது. ஒப்புமையால் குழப்பும் பல செடிகளை அது ஒன்றே விலக்கிவிடும்.

கனி முட்டை வடிவம். ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு செ.மீ. நீளம். பழுக்கும்போது சிவந்து, பின் கருஞ்சிவப்பாகும். உச்சியில் புல்லியின் பற்கள் உதிராமல் சிறு முடியாக ஒட்டியிருக்கும். கனியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த முடியைத்தான். சூலகம் கீழ்மட்டமாக இருந்த பூவிலிருந்து வந்த கனி என்பதற்கு அது சான்று. உள்ளே வழவழப்பான சதை, ஒரே விதை. சதை இனிப்பும் துவர்ப்பும் கலந்தது, சிறுவர்கள் தின்பதுண்டு.

அழிஞ்சிலின் விதை கீழே விழுந்த பின் இரவில் தானே ஊர்ந்து தாய்மரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பழமையானது. ஆதிசங்கரர் இயற்றியதாகச் சொல்லப்படும் சிவானந்தலஹரி பக்திக்கு இதை உவமையாக்குகிறது. ஏறழிஞ்சில் என்று ஒரு வகையைத் தமிழ் மருத்துவ மரபு தனியே குறிப்பிடுகிறது. விதைக்கு நகரும் உறுப்பு எதுவும் கிடையாது. சதை பசைத்தன்மை உடையது என்பதால் நசுங்கிய பழத்தின் விதை படும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏறழிஞ்சில் என்ற தனிச் சிற்றினத்தைத் தாவரவியல் அங்கீகரிக்கவில்லை.

மேற்குக் கரையின் ஈரக் காடுகளில் இதே சிற்றினம் கிளைகளை நீட்டிக் கொடிபோல் படர்கிறது. இதை ஹெக்சாபெட்டலம் என்ற கிளையினமாகப் பிரிப்பர். வறண்ட கிழக்குச் சமவெளியில் காண்பது நிமிர்ந்து நிற்கும், முள் மிகுந்த வடிவம்.

குழப்பும் செடிகள்

தென் மாவட்டங்களின் முட்புதர்க் காட்டில் அழிஞ்சிலோடு குழம்பக்கூடிய செடிகள் முக்கியமாக நான்கு வகை.

சடச்சி முதலான கிரூவியா பேரினத்துச் செடிகள்: இவற்றுக்கும் இலைகள் மாறி மாறி அமையும், இலையடியில் மூன்று நரம்புகள் கிளம்பும், பூவில் மகரந்தத்தாள்கள் பலவாக இருக்கும். ஆனால் கிரூவியாவின் இலை விளிம்பில் பற்கள் உண்டு. இலையடிச் செதில் உண்டு. பட்டையை உரித்தால் நாராக வரும். சூலகம் இதழ்களுக்கு மேலே இருப்பதால் கனியின் உச்சியில் முடி இராது.

மருக்காரை: முள் உண்டு, வெண்பூ உண்டு, கனியின் உச்சியில் புல்லி முடியும் உண்டு. மூன்று அடையாளமும் பொருந்துவதால் ஏமாற்றக்கூடியது இதுவே. ஆனால் மருக்காரையின் இலைகள் எதிரெதிரே அமைபவை. அவற்றின் காம்புகளுக்கு இடையே செதில் இருக்கும். இதழ்கள் அடியில் இணைந்து குழலாகும். கனியை வெட்டினால் பல விதைகள். இது காபிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

எட்டி, தேற்றான்: இலையடியிலிருந்து வளைந்து செல்லும் நரம்புகள் அழிஞ்சிலையும் கார்னஸையும் நினைவூட்டும். இலைகள் எதிரெதிர், கனி உருண்டை, உச்சியில் முடி இல்லை. எட்டியின் விதை கொடிய நஞ்சு என்பதால் இங்கே பிழை ஆபத்தானது.

இலந்தை: இலையடியில் மூன்று நரம்பு, மாற்றிலை, முள் ஆகியவை பொருந்தும். இலையின் அடிப்புறம் வெளுத்திருப்பது, இலைக்காம்படி முள், மிகச் சிறிய பசுமஞ்சள் பூ ஆகியவை பிரித்துக் காட்டும்.

களத்தில் வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. இலைகள் மாறி மாறி அமைந்துள்ளனவா? இலையடிச் செதில் இல்லையா? விளிம்பு பல்லற்றதா? கனியின் உச்சியில் புல்லி முடி உள்ளதா? உள்ளே ஒரே விதையா? ஐந்துக்கும் ஆம் என்று விடை வந்தால், தமிழ்நாட்டுச் சமவெளியில் அது அழிஞ்சிலாகவே இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

வகைப்பாட்டின் வரலாறு

மலபார் கரையின் தாவரங்களை வரைபடங்களோடு தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அழிஞ்சில் அதில் அங்கோலம் என்ற பெயரில் இடம்பெற்றது. அப்போது குடும்பம் என்ற கருத்து தாவரவியலில் நிலைபெற்றிருக்கவில்லை.

லின்னேயஸ் 1753-இல் கார்னஸுக்கு முறையான இடம் கொடுத்தார். அவருடைய மகன் 1782-இல் அழிஞ்சிலுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது அதைக் கிரூவியா சால்வீஃபோலியா என்று அழைத்தார். மூன்று நரம்பு இலையும் எண்ணற்ற மகரந்தத்தாள்களும் கிரூவியாவுக்கும் பொருந்துவன என்பதை மேலே கண்டோம். இன்று களத்தில் புதியவர் செய்யக்கூடிய அதே குழப்பம் அன்று அச்சிலேறியது.

அடுத்த ஆண்டே, 1783-இல், லாமார்க் அலாஞ்சியம் என்ற பேரினத்தை நிறுவினார். ஆனால் இதழ் எண்ணிக்கையை நம்பிப் பத்து இதழ் கொண்டது ஒன்று, ஆறு இதழ் கொண்டது ஒன்று எனச் சிற்றினங்களைப் பிரித்தார். ஒரே மரத்தில் இதழ் எண்ணிக்கை மாறுவதால் அந்த அடிப்படை நிற்கவில்லை. இறுதியில் ஜெர்மானியரான வாங்கரின் 1910-இல் இவற்றை ஒன்றாக்கி, லின்னேயஸின் மகன் தந்த சிற்றினப் பெயரையும் லாமார்க் தந்த பேரினப் பெயரையும் சேர்த்து அலாஞ்சியம் சால்வீஃபோலியம் என்ற பெயரை அமைத்தார். முதலில் வந்த சிற்றினப் பெயருக்கே முன்னுரிமை என்ற விதியின்படி அமைந்த பெயர் அது.

குடும்பத்தைப் பற்றிய வழக்கு இன்னும் நீண்டது. டிகாண்டோல் 1828-இல் அலாஞ்சியத்துக்குத் தனிக் குடும்பம் கொடுத்தார். பெந்தமும் ஹூக்கரும் அதைக் கார்னேசிக்குள் கொண்டுவந்தனர். அவர்கள் முறையைப் பின்பற்றிய காம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலிலும் (1915 - 1936) அழிஞ்சில் கார்னேசியிலேயே உள்ளது. 1981-இல் குரோன்கிஸ்ட் வெளியிட்ட வகைப்பாட்டில் அது மீண்டும் அலாஞ்சியேசி என்ற தனிக் குடும்பமானது. நூலகத்தில் இரண்டு பழைய நூல்களைப் புரட்டுபவர் ஒரே மரத்தை இரண்டு குடும்பங்களில் காண்பது இதனால்தான்.

பெந்தம், ஹூக்கர் கால கார்னேசி ஒரு கலவைக் குடும்பமாக இருந்தது. கீழ்மட்டச் சூலகமும் சதைக்கனியும் கொண்ட பல பேரினங்கள் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. டி.என்.ஏ. வரிசையை ஒப்பிட்டபோது அவற்றில் பல வெளியேறின. ஆக்குபா கேரியேல்ஸ் துறைக்கும், ஹெல்விங்கியா அக்விஃபோலியேல்ஸ் துறைக்கும் போயின. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் உயர்ந்து வளரும் மாஸ்டிக்ஸியா ஆர்போரியா இப்போது நிஸ்ஸேசி குடும்பத்தில் வைக்கப்படுகிறது. ஆனால் அழிஞ்சிலும் கார்னஸும் பிரியவில்லை. ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்பதே உறுதியானது. ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குழு 2016-இல் வெளியிட்ட நான்காம் வகைப்பாட்டில் கார்னேசி குடும்பத்தில் இந்த இரண்டு பேரினங்கள் மட்டுமே உள்ளன. அவை அடங்கிய கார்னேல்ஸ் துறையில் மொத்தம் ஏழு குடும்பங்கள்.

வேதியியலும் புதைபடிவமும்

அழிஞ்சில் வேர்ப்பட்டையில் எமெட்டின், செஃபேலின், சைக்கோட்ரின், டியூபுலோசின் முதலிய ஆல்கலாய்டுகள் உள்ளன. எமெட்டின் வாந்தியைத் தூண்டும். அளவு மிஞ்சினால் இதயத்தைத் தாக்கும். சித்த, ஆயுர்வேத முறைகள் இதன் வேர்ப்பட்டையை மருந்தாகக் கையாள்கின்றன என்றாலும், பயிற்சியற்றவர் தானே உட்கொள்ளத் தக்கதல்ல. இதே எமெட்டின் தென் அமெரிக்காவின் இபிகாக் செடியிலும் உள்ளது. அது காபிக் குடும்பம். உறவில் தொலைவான இரண்டு செடிகள் ஒரே வேதிப்பொருளை உருவாக்குகின்றன. ஆகவே ஒரு வேதிப்பொருள் இருப்பதை மட்டும் வைத்து உறவை முடிவு செய்ய முடியாது. மற்றச் சான்றுகளோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

கல் போன்ற கனி ஓடு மண்ணில் எளிதில் அழியாது. அதனால் இந்தத் துறையின் புதைபடிவங்கள் ஏராளம். விதை முளைக்கும்போது ஓட்டின் ஒரு பகுதி கதவாகத் திறந்துகொள்ளும் அமைப்பு கார்னஸ், அலாஞ்சியம், மாஸ்டிக்ஸியா ஆகிய மூன்றிலும் உண்டு. புதைபடிவத்திலும் அது தெரியும். ஜப்பானில் கிடைத்த ஹிரோனோயா என்ற கனிப் படிவம் ஏறத்தாழ 9 கோடி ஆண்டு பழமையானது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே கார்னேல்ஸ் துறை தோன்றிவிட்டது என்பதற்கு அது சான்று. இன்று வெப்ப நிலங்களில் மட்டும் வாழும் மாஸ்டிக்ஸியாவின் உறவுகள் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் லண்டன் களிமண் படிவுகளில் கனிகளை விட்டுச் சென்றுள்ளன. அப்போது அந்த நிலமும் வெப்பமாக இருந்தது.

பெயரளவு டாக்வுட்கள்

மக்கள் வழக்கில் டாக்வுட் என்ற பெயர் தாங்கியவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. கரீபியத் தீவுகளில் மீன்பிடிக்க நஞ்சாகப் பயன்பட்ட ஜமைக்கா டாக்வுட் பயறுக் குடும்பத்து மரம். சிவகாசி வட்டாரத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இன்னொன்று. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. அதன் எரிவேகம் கரி எந்த மரத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும். இங்கிலாந்தின் கருமருந்து ஆலைகள் டாக்வுட் கரியை உயர்வாக மதித்தன என்று பழைய நூல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த டாக்வுட் கார்னஸ் அல்ல. இலந்தைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ராங்குலா ஆல்னஸ் என்ற மென்மரப் புதர். இந்தியாவில் இதே தேவைக்குத் துவரை மாறும் எருக்கும் கரியாக்கப்பட்டன.

உண்மையான டாக்வுட்டின் மரம் கெட்டியானது, கனமானது. கார்னஸ் ஃப்ளோரிடாவின் கட்டை நெசவாலைகளின் நாடாவுக்குப் பயன்பட்டது. அழிஞ்சில் கட்டையும் வைரம் பாய்ந்தது. உலக்கைக்கும் கருவிப் பிடிகளுக்கும் ஏற்றது. தீக்குச்சிக்குத் தேவை பெருமரம் போன்ற மென்மரம் என்பதால் தீப்பெட்டித் தொழிலுக்கு அழிஞ்சில் உதவாது.

எங்கே, எப்போது தேடுவது

இருக்கன்குடி, சாத்தூர் பகுதியின் கரிசல் சமவெளியில் இன்று கண்ணில் அதிகம் படுவது சீமைக்கருவேலம். அழிஞ்சில் விரும்பும் இடம் வேறு: உழவு படாத ஓடைக்கரை, கோயில்காடு, பாறைக்கரடு, மலையடிவாரப் புதர்க்காடு. விருதுநகர் மாவட்டத்தில் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் இத்தகைய நிலம்.

அடையாளத்தை உறுதிசெய்ய ஒரே மரத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் பூவும், மே, ஜூனில் இலையும் கனியும் கிடைக்கும். முதல் முறையே மரத்துக்கு எண்ணிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டால்தான் இரண்டாம் மாதிரி அதே மரத்தினுடையது என்று சொல்ல முடியும். காப்புக்காட்டுக்குள் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி தேவை. உலர்த்தி ஒட்டிய மாதிரியைத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலோ, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள சென்னை உலர்தாவரகத்திலோ இருக்கும் தாள்களோடு ஒப்பிடலாம். பழைய தாளில் அலாஞ்சியேசி என்றும் புதிய பட்டியலில் கார்னேசி என்றும் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. இரண்டும் குறிப்பது ஒரே மரத்தைத்தான்.